தையல்காரர் கட்டிய டிபி பெட்டி

மனைவி ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது தையல்காரர் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். தைத்தது பாதி, தைக்காதது பாதியாக மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடினார். கடையைப் பூட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் ஷட்டரை இழுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் விரல் நுனி மட்டும் தெரிய, முழங்கை வரை மாவுக்கட்டு. நெற்றியில் சுவர்த் தூசி அப்படியே இருந்தது. அவரைக் கண்டதும் அவள் சொன்ன முதல் பேச்சு வலியைப் பற்றியதல்ல.

"டிபி பெட்டிய இன்னும் தொடவே இல்லைங்க."

"அது கிடக்கட்டும். கை எப்படி இருக்கு?"

"கை ஒட்டிக்கும். ரெண்டு மாசம் ஆகுமாம். இன்ஸ்பெக்‌ஷன் அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?"

அவள் எலெக்ட்ரீஷியன், முறையாக லைசென்ஸ் வாங்கியவள். பல வருடம் தன் அண்ணனின் காண்ட்ராக்ட் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் தன் பெயரில் முதல் வேலையைப் பிடித்திருந்தாள். துணி ஆலைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த கிடங்கு ஒன்றைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப் போவதற்கான இடம். கட்டடம் முழுக்க வயரிங் அவள் பொறுப்பு. சுவரை வெட்டிக் குழாய் பதித்து, குழாய்க்குள் வயர் இழுத்தாகிவிட்டது. அதற்கு வந்த ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது நுணுக்கமான வேலை. ஒவ்வொரு சுவிட்சிலும் பிளக் பாயிண்டிலும் வயரைப் பூட்டவேண்டும். மின்சாரத்தை அறை அறையாகப் பிரித்து அனுப்புகிற, எல்லாக் கிளைகளும் வந்து சேருகிற அந்த டிபி பெட்டியைக் கட்டவேண்டும். அதை மட்டும் தன் கையால்தான் செய்வேன் என்று ஆசையாக ஒதுக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். தங்கையின் தலையைத் தடவி, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும் பாப்பா. கவலைப்படாத. நாளைக்கே என் ஆளுங்களை அனுப்பறேன். ரெண்டே நாள்ல முடிச்சுடுவாங்க. என்ன, கம்பெனி பேர்ல எழுதிக் குடுத்துடணும். உன் பேர்ல வேலை, என் ஆளுங்க கைன்னா நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. "யோசிச்சுச் சொல்றேண்ணே," என்று மட்டும் சொன்னாள். அவர் போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் அழுகிறாளா என்று தையல்காரர் எட்டிப் பார்க்கவில்லை. தோள் ஆடுவது தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "என் கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். விழுந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. கை வலித்தபோதும் அவளால் நிறுத்தமுடியவில்லை.

சிரிக்காமல் என்ன செய்வாள்? கடைத்தெருவில் தையல்காரருக்குப் பெயரே 'ரப்பர்'. வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பில்லாமல் நடக்கமாட்டார். சுவிட்சை விரலால் போடமாட்டார்; அளவெடுக்கிற மரஸ்கேலால் தள்ளி நின்று தட்டுவார். தெருவில் எல்லாத் தையல்காரர்களும் மோட்டார் மெஷினுக்கு மாறிவிட்ட பிறகும் அவர் மட்டும் மிதி மெஷினை விடவில்லை. சின்ன வயதில் ஈரக் கையோடு ஃப்ரிட்ஜைத் திறக்கப்போய்த் தூக்கி எறியப்பட்டவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதுபோல, அன்றிலிருந்து அவருக்கு எந்த வயரைப் பார்த்தாலும் பாம்புதான். அப்படிப்பட்டவர் ஒரு எலெக்ட்ரீஷியனைக் காதலித்துக் கட்டிக்கொண்டதை நண்பர்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

"சிரிச்சு முடிச்சுட்டியா?" என்றார் அவர். "பட்டன்ஹோல் போடற கை இது. நீ சொல்லு, நான் செய்யறேன். லைசென்ஸ் உன்னோடது, பொறுப்பு உன்னோடது, கண்ணு உன்னோடது. கை மட்டும் என்னோடது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு நிபந்தனை," என்றாள். "புரியாம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பக்கூடாது. நான் சொன்னேன்னு செய்யக்கூடாது. ஏன்னு தெரிஞ்சு செய்யணும்."

சாப்பாட்டு மேசையில் பாடம் ஆரம்பமாயிற்று. வயர்த் துண்டுகள், ஒரு பழைய சுவிட்ச், ஒரு பேட்டரி, ஒரு சின்ன பல்பு. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"உங்க மெஷினையே எடுத்துக்குங்க. காலால மிதியை அழுத்தறீங்க. அந்த அழுத்தம்தான் வோல்டேஜ். அழுத்தினா நூல் ஓடுது. ஓடற நூல்தான் கரண்ட். டென்ஷன் ஸ்க்ரூவை இறுக்கினா என்ன ஆகும்?"

"நூல் கஷ்டப்பட்டு வரும்."

"அதுதான் ரெசிஸ்டன்ஸ். அழுத்தம் அதிகமானா ஓட்டம் அதிகம். இறுக்கம் அதிகமானா ஓட்டம் கம்மி. முக்காவாசிப் பாடம் இவ்வளவுதான்."

தையல்காரர் யோசித்தார். "ஆனா நூல் துணியிலயே தங்கிடுதே. கரண்ட் எங்க தங்குது?"

அவள் முகம் மலர்ந்தது. "அங்கதான் நூலும் கரண்டும் வேற வேற. கரண்ட் எங்கயும் தங்காது. ஃபேஸ் வயர்ல போகும், பல்புல வேலையைப் பார்க்கும், நியூட்ரல் வயர்ல திரும்பி வந்துடும். சுத்தி வர வழி இல்லைன்னா கிளம்பவே கிளம்பாது. சுவிட்சை அணைக்கறதுன்னா அந்த வழியை ஒரு இடத்துல வெட்டி வைக்கறது, அவ்வளவுதான்."

அவர் பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரு வயரை மட்டும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. இரண்டாவது வயரைத் தொட்டார். எரிந்தது. எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். சின்னப் பிள்ளைபோல இதையே செய்துகொண்டிருந்தார்.

"அப்போ அன்னிக்கு ஃப்ரிட்ஜ் ஏன் என்னை அடிச்சுது?"

"அது உங்களை அடிக்கல. உள்ள எங்கயோ வயர் உரிஞ்சு, அதோட உடம்பு முழுக்க கரண்ட் கசிஞ்சு நின்னிருக்கு. பூமிக்கு இறங்க வழி இல்லாம காத்துக்கிட்டு இருந்துது. நீங்க வெறுங்காலோட, ஈரக் கையோட வந்து வழி குடுத்தீங்க. எர்த் வயர் ஒழுங்கா இருந்திருந்தா அது வழியா இறங்கிப் போயிருக்கும்."

"இத்தனை வருஷமா நான் ஃப்ரிட்ஜைத் திட்டினதெல்லாம் வீண்தானா," என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

மறுநாள் காலையில் அவள் அண்ணனுக்குப் போன் செய்து, வேலையைத் தானே முடிப்பதாகச் சொன்னாள். யார் கை என்று கேட்டவரிடம் உண்மையைச் சொன்னாள். அவர், "மாப்பிள்ளைய உசுரோட திருப்பிக் கூட்டிட்டு வா பாப்பா," என்றார்.

காப்பகத்துக்கு இன்னும் சப்ளை வரவில்லை. இன்ஸ்பெக்டர் வரும் அன்றுதான் மீட்டர் பலகையில் ஃபியூஸ் போட்டுச் சோதிப்பார்கள். அப்படியிருந்தும் அவள் விடவில்லை. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு இடத்திலும், மின்சாரம் இருக்கிறதா என்று கை மீட்டரின் இரண்டு குச்சிகளையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் வயரைத் தொடவேண்டும்.

"சப்ளையே இல்லைன்னுதான் தெரியுமே," என்று அவரே ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"தெரியும்ங்கறது வேற, பார்த்தேன்ங்கறது வேற. இந்தத் தொழில்ல செத்தவங்க எல்லாரும் 'தெரியும்'னு சொன்னவங்கதான்."

அதன் பிறகு அவர் சலித்துக்கொள்ளவில்லை.

வேலை அவர் கைக்கு ஆச்சரியமாகப் படிந்தது. வயரின் தோலை உரிக்கும்போது உள்ளே செம்பில் கீறல் விழக்கூடாது என்றாள். பட்டுத்துணியில் தையல் பிரிக்கிற கைக்கு அது ஒரு பெரிய காரியமா? ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். தளர்ந்தால் அந்த இடம் சூடேறும், மிஞ்சி இறுக்கினால் செம்பு நசுங்கும். "பட்டன் தைக்கறதும் இப்படித்தான்," என்றார். அவள் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியில், குழந்தைகளுக்காக வாங்கியதில், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்துகொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

டிபி பெட்டியைக் கட்டும் நாள் வந்தது. தாழ்வாரச் சுவரில், பெரியவர்கள் கண்மட்டத்தில், கதவு திறந்த அலமாரிபோல அது இருந்தது. அவள் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துச் சொன்னாள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு எம்.சி.பி. அளவுக்கு மீறி ஓட்டம் போனால் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். அதற்கு முன்னாலேயே அதன் சுவிட்ச் தானாகக் கீழே விழுந்து வழியை வெட்டிவிடும். அவற்றுக்கெல்லாம் மேலே இரண்டு ஆர்.சி.சி.பி.கள். அவள் அவற்றைக் கசிவு டிரிப்பர் என்றுதான் சொன்னாள். கட்டடத்தின் முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று.

"எம்.சி.பி. இருக்கும்போது இது எதுக்கு?"

"அது வயரைக் காப்பாத்தும். இது ஆளைக் காப்பாத்தும். வாசல்ல நின்னு, ஃபேஸ்ல எவ்வளவு போகுது, நியூட்ரல்ல எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் சரியா இருக்கணும். துளி குறைஞ்சாலும், எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். ஒரு குழந்தையோட உடம்பு வழியாக்கூட இருக்கலாம். அது யாருக்காகவும் காத்திருக்காது. கண்ணிமைக்கறதுக்குள்ள வெட்டிடும்."

தையல்காரர் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் தன் வீட்டில் இது ஒன்று இருந்திருந்தால், என்று நினைத்திருக்கவேண்டும். அதைப் பூட்டும்போது மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

பெட்டி முடிந்தபோது அவள் எழுந்து வந்து பார்த்தாள். ஃபேஸின் சிவப்பு சிவப்போடு, நியூட்ரலின் நீலம் நீலத்தோடு, எர்த்தின் பச்சை பச்சையோடு. எல்லா வயரும் ஒரே வளைவில் திரும்பி, ஒரே இடைவெளியில் கட்டப்பட்டு, கோட்டுக்கு உள்பக்கம் லைனிங் வைத்ததுபோல இருந்தது. அவள் எத்தனையோ பெட்டிகள் கட்டியிருக்கிறாள். அவளுடையது எதுவும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை. இதை அவரிடம் சொன்னால் தலைகால் தெரியாமல் போய்விடும் என்று, "பரவாயில்ல," என்று மட்டும் சொன்னாள். பிறகு மனசு கேட்காமல், "நல்லா இருக்கு," என்றாள். பூட்டிய இடமெல்லாம் பார்த்து, வயர் உறையில் கசிவு இல்லை என்று இன்சுலேஷன் சோதனையும் செய்து, திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் அவள் மாவுக்கட்டைக் காட்ட டாக்டரிடம் போயிருந்தாள். அப்போது காப்பகத்தில் தனியாக இருந்த தையல்காரரிடம், அதை நடத்தப்போகிற மேடம் வந்தார். தூங்கும் அறையில் கனமான திரை போட்டிருக்கிறார்கள், திரையை மூடினால் அறை கும்மிருட்டாகிவிடுகிறது, பிள்ளைகள் பயப்படும், இருட்டினால் தானாகவே எரிகிற மங்கல் விளக்கு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், மாட்ட முடியுமா என்று கேட்டார். தையல்காரருக்கு நெஞ்சு விரிந்தது. முதன்முதலாக ஒருவர் தன்னை நம்பி மின்சார வேலை கேட்கிறார்.

மீட்டரை வைத்துப் பார்த்தார். சப்ளை இல்லை. விளக்கிலிருந்து பெட்டிக்கு வயர் இழுத்தார். சிவப்பைப் பின்பாதியின் எம்.சி.பி.யில் பூட்டினார். நீலத்தைப் பூட்டப்போனபோது பின்பாதியின் நீல வயர்களெல்லாம் சேருகிற நியூட்ரல் பட்டையில் ஓட்டைகள் அநேகமாக நிரம்பியிருந்தன. மூலையில் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அங்கே பூட்டினால் வயர் குறுக்கே ஓடி அழகு கெடும். பக்கத்துப் பட்டையில், கைக்கு வாகாக, வரிசை கெடாமல் ஒரு இடம் காலியாக இருந்தது. நீலம் நீலத்தோடுதானே சேர்கிறது. அங்கே பூட்டினார்.

மனைவி திரும்பி வந்ததும் பெருமையாகச் சொன்னார். அவள் விளக்கைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள். வயர் எல்லாம் வரிசையாக, கட்டுக்குள் கட்டாக இருந்தது. "அட," என்றாள். அந்த அழகைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் குடையோடும் ஒரு லைன்மேனோடும் வந்தார். அதிகம் பேசாதவர். அண்ணனும் வந்திருந்தார், தங்கைக்கு ஒரு துணை வேண்டாமா என்று. ஆலையில் சாப்பாட்டு இடைவேளை. சில பெண்கள் வாசல் கேட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு சிலர் பிள்ளைகளையும் இடுப்பில் வைத்திருந்தார்கள். காப்பகம் எப்போது திறக்கும் என்பதில்தான் அவர்கள் எல்லோருடைய கவனமும் இருந்தது.

லைன்மேன் ஃபியூஸைப் போட்டார். முதன்முதலாகக் கட்டடத்துக்குள் மின்சாரம் வந்தது. தையல்காரர் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் வைத்தார். இத்தனை நாள் அவர் கட்டியது வெறும் செம்பு. இப்போது அதற்கு உயிர் வந்துவிட்டது.

எல்லாம் நன்றாகவே போயிற்று. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. கசிவு டிரிப்பர்களின் சோதனைப் பொத்தானை இன்ஸ்பெக்டர் அழுத்தினார். இரண்டும் உடனுக்குடன் விழுந்தன. "ம்," என்றார். அதுவரை அவர் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அதுதான். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், பசங்க தூங்கற ரூமைப் பாருங்க," என்று உள்ளே அழைத்துப்போய், திரையை இழுத்து மூடினார்.

பட்பட்டென்று இரண்டு சத்தம். கட்டடம் முழுக்க ஃபேன்கள் நின்றன, விளக்குகள் அணைந்தன.

லைன்மேன் தாழ்வாரத்திலிருந்து சொன்னார்: "கசிவு டிரிப்பர் விழுந்துடுச்சு சார். ரெண்டும்."

தூக்கி விட்டார்கள். உடனே மறுபடி விழுந்தன. வெளிச்சத்துக்காக மேடம் திரையைத் திறந்தார். மறுபடி தூக்கி விட்டபோது ஒன்றுமே நடக்காததுபோல நின்றன. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. வெயில் கண்ணில் அடிக்கிறதென்று மேடம் திரையை மூடினார். பட்பட்.

"பேய் பிசாசு மாதிரி இருக்கே," என்றார் மேடம்.

இன்ஸ்பெக்டர் குடையை எடுத்துக்கொண்டார். "நான் டீ குடிச்சுட்டு வர்றேன்மா. அதுக்குள்ள கண்டுபிடிச்சா சரி. இல்லைன்னா அடுத்த முறை வரும்போது பார்க்கலாம். அது எப்போன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் வெளியே போனதும் அண்ணன் தங்கையின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பீஸும் மட்டமா இருக்கும் பாப்பா. இப்போதைக்கு அதைக் கழட்டிட்டு நேரா குடுத்துடு. கையெழுத்து விழட்டும். நாளைக்கே வேற வாங்கி மாட்டிக்கலாம்."

"அண்ணே," என்றாள் அவள், "தவழற பசங்க கை வைக்கற இடம் இது. அதுங்களுக்கு இருக்கற காவல் இது ஒண்ணுதான். அதைக் கழட்டிட்டு வாங்கற கையெழுத்து எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் முகம் வெளுத்திருந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன. தையல்காரர் அதைப் பார்த்தார். பதறாத காரியம் சிதறாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "கசிவு ஒரு இடத்துல இருந்தா எத்தனை டிரிப்பர் விழணும்?"

"ஒண்ணு. அந்தப் பக்கத்தோடது மட்டும்."

"ரெண்டும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா?"

"போகாது."

"போனது திரும்பி வரணும்னு சொன்ன. வராட்டி விழும். அப்போ, ஒண்ணு வழியா போயிட்டு, இன்னொண்ணு வழியா திரும்பினா? இதுல போனது திரும்பி வரல. அதுல வந்தது அதிகமா இருக்கு. ரெண்டு பேருக்கும் கணக்கு இடிக்குமில்ல?"

அவள் அவரையே பார்த்தாள். அண்ணனும் பார்த்தார்.

"எங்கயும் கசியவே இல்ல," என்றார் தையல்காரர். "திரையை மூடினா இருட்டும். இருட்டினா அந்த மங்கல் விளக்கு தானா எரியும். அதோட சிவப்பு பின்பாதியில இருக்கு. நீலத்தை நான்தான் முன்பாதிப் பட்டையில பூட்டினேன். பார்க்க அழகா இருக்கும்னு."

அவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அவள் கண்ணில் நீர் நின்றது. ஆனால் அவள் சிரித்தாள்.

"நேத்து நானும்தான் பார்த்தேன். அழகுல மயங்கிட்டேன். சரி, பிரிச்சுத் தைங்க."

லைன்மேன் ஃபியூஸை எடுக்க மீட்டர் பலகைக்குப் போனார். "இருங்க," என்ற அவள், மேடத்தைத் திரையைத் திறக்கச் சொல்லி, டிரிப்பர்களைத் தூக்கி விட்டாள். கணவர் பக்கம் திரும்பினாள். "ஃபியூஸை எடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் சரியா காட்டுதான்னு உயிரோட இருக்கற இடத்துல வைச்சுப் பார்க்கணும். இல்லைன்னா அது காட்டற பூஜ்யத்தை எப்படி நம்பறது?"

இதுவரை அவர் அந்தக் குச்சிகளை வைத்ததெல்லாம் உயிரில்லாத வயரில். அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தார். "குடுங்க மாப்பிள்ளை, நான் வைக்கறேன்."

தையல்காரர் மீட்டரைக் கொடுக்கவில்லை. "இருக்கட்டும் மச்சான்," என்றார். பக்கத்துப் பிளக் பாயிண்டில் இரண்டு குச்சிகளையும், விரல் பிடிப்புக்கு மேலே போகாமல், அவள் சொல்லிக்கொடுத்தபடி நேராக வைத்தார். மீட்டரில் எண்கள் ஓடி இருநூற்று முப்பதில் நின்றன. சின்ன வயதில் அவரைச் சுவரோரம் வீசிய அதே சாமான், இதோ இரண்டு குச்சிகளுக்கு நடுவில், ஒரு எண்ணாக நின்றுகொண்டிருந்தது. அவர் உடனே கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க ஃபியூஸை," என்றார் பிறகு, தெளிவான குரலில்.

எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. பெட்டிக்குள்ளும் வைத்துப் பார்த்தார், பூஜ்யம். நீல வயரை வெளியே எடுத்து, வரிசையைக் கலைத்து, குறுக்கே கொண்டுபோய், மூலையில் இருந்த அந்த வசதியில்லாத ஓட்டையில் பூட்டினார். அவள் குனிந்து, சிவப்பையும் நீலத்தையும் இடது கை விரலால் கடைசி வரைக்கும் தொடர்ந்துபோய்ப் பார்த்தாள். பிறகு மற்ற எல்லா வயரையும் அப்படியே பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தபோது ஃபியூஸை மறுபடி போட்டுச் சப்ளை தயாராக இருந்தது. என்ன குறை என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் தானே உள்ளே போய்த் திரையை இழுத்து மூடினார்.

அறை இருண்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரோரத்தில், குட்டிப் படுக்கைகளுக்கு மேலே, மங்கல் விளக்கு எரிந்தது. ஃபேன்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவர் திரையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒன்றும் விழவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்து பெட்டியை இன்னொரு முறை பார்த்தார். "வயரைக் கட்டினது யாரு?"

"என் வீட்டுக்காரர் சார். நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன். அவர் தையல்காரர்."

"அதானே பார்த்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர். "குறுக்க போற அந்த ஒரு வயர்தான் இந்தப் பெட்டியிலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது." அவள் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

அண்ணன் தங்கையின் முதுகில் தட்டினார். "நான் கழட்டச் சொன்னதை மறந்துடு பாப்பா," என்றார். "எனக்கு ஒரு ஸ்கூல் வேலை வந்திருக்கு. பெரிசு. பாதியை நீ எடுத்துக்கோ, உன் பேர்லயே. மாப்பிள்ளையும் வரட்டும்."

"அவருக்குக் கடை இருக்குண்ணே. வேணும்னா அவர்கிட்டயே கேளுங்க."

ஆனால் மாப்பிள்ளை அங்கே இல்லை. மேடம் கேட்டைத் திறந்துவிட்டிருந்தார். பெண்கள் உள்ளே வந்து அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு அறையில் இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட ஒரு குழந்தை நேராகத் தவழ்ந்துபோய், தாழ இருந்த பிளக் பாயிண்டில் விரலை வைத்தது. தாய் அலறிக்கொண்டு பாய்ந்தாள்.

"விடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது," என்றார் தையல்காரர். அவர் அந்தக் குழந்தையின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். "ஓட்டைக்கு உள்ள மூடி இருக்கு. விரல் போகாது. அதையும் தாண்டி எதையாவது விட்டா, அங்க சுவர்ல ஒரு காவல்காரன் இருக்கான். அதுக்காகக் கை வைக்க விடாதீங்க, பழக்கக்கூடாது. ஆனா அவன் தூங்கமாட்டான்."

"அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் இன்னொரு பெண்.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சுண்ணாம்புத் துண்டை எடுத்தார். துணியில் கோடு போடுகிற சுண்ணாம்பு. தரையில் ஒரு பெட்டி, ஒரு பல்பு, இடையில் இரண்டு கோடுகள் வரைந்தார். பெண்கள் சுற்றி நின்று குனிந்தார்கள். ஆலையில் சங்கு ஊதியது, ஒருத்தியும் நகரவில்லை.

"இதோ பாருங்க, இந்தக் கோட்டு வழியா வோல்டேஜ் ஓடுது, இல்லையா..."

"வோல்டேஜ் ஓடாதுங்க," என்று வாசலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கரண்ட்தான் ஓடும்."

"ஆமா, கரண்ட்தான்," என்றார் தையல்காரர், கொஞ்சமும் அசராமல். "வோல்டேஜ் பின்னாடி நின்னு தள்ளும்." அடுத்த கோட்டை வரைய ஆரம்பித்தார்.